ஏழாம் எண் அறை

தர்பங்காவில் ஒரு குளத்தங்கரையில் இருக்கிறது எங்கள் துறை.
‘இந்திய அரசியல்: கற்பித்தலும் ஆய்வும்’
என்ற பலகையில்
‘கற்பித்தலும்’ மேல் குளவி கூடு கட்டியிருக்கிறது.

சனிக்கிழமை மாலை ஆட்சியரின் கடிதம் வந்தது.
திங்கட்கிழமை பெஞ்சுகள் மாமரத்தடியில் கிடந்தன.
தேர்தலைப் பற்றி நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த அறை
தேர்தலுக்குத் தேவைப்பட்டது.

ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.
தரையெங்கும் மஞ்சள் பெயின்டில் கட்டங்கள்,
கட்டத்துக்கு ஒரு சாவடி எண்.
இரும்பு பீரோவை மட்டும்
நாலு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியவில்லை.
“உள்ளே என்ன?” என்றார் அதிகாரி.
“கருத்துக்கணிப்புத் தாள்கள். நானூற்றுப் பன்னிரண்டு.”
அதற்கும் ஒரு காகிதம் ஒட்டி அரக்கு வைத்தார்.

வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள் நான்.
வகுப்பில்லாத நாளில்
முனைவர் பட்டம் தர்பூசணிக்குக்கூட ஆகாது.
ஆனாலும் தினமும் போனேன்.

மணல்மூட்டைக்குப் பின்னால் லால்ரின்மாவியா,
மிசோரம்காரர், துப்பாக்கிக் குழலில் ஈரத் துண்டு உலர்த்துவார்.
தபாலில் போட்ட தன் ஓட்டு
ஊர் போய்ச் சேர்ந்ததா என்று என்னைக் கேட்பார்.
அரசியல் துறைதானே, தெரியாதா?
தெரியாது.

மின்விசிறி நின்ற இரவுகளில் இதுதான் ஓடும்:
யாருக்குப் போடுவோம் என்று ஜனங்கள் என்னிடம் சொன்னதும்
யாருக்குப் போட்டார்கள் என்பதும்
ஒரே இருட்டில் கிடக்கின்றன.
நடுவே ஒரு பீரோக் கதவு.
இரண்டும் பேசிக்கொண்டால்
என் மூன்றாம் இயல் என்ன ஆகும்?

இருநூற்று ஆறாம் தாள், பச்சியா தேவி,
செங்கல் சூளையில் வேலை.
“அவரைக் கேளு” என்றாள்.
அவர் சொன்னார். நான் டிக் போட்டேன்.
எருமை கயிற்றை அறுத்துக்கொள்ள
அவர் எழுந்து ஓடிய இரண்டு நிமிஷத்தில்
அடுப்பைப் பார்த்தபடியே
வேறொன்று சொன்னாள்.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
அவள் பெயரோடு, சாவடி எண்ணோடு.
அப்போது அதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்தேன்.

எண்ணி முடித்தார்கள்.
யார் ஜெயித்தது என்பது இங்கே வேண்டாம்;
குளம் மூன்று நாள் சிவப்பாகக் கிடந்தது குலால் பொடியில்.
நூற்று நாற்பத்து மூன்றாம் சாவடி, அறுநூற்றுப் பதினொரு ஓட்டு.
அதில் அவளுடையது எது என்று
தேர்தல் ஆணையத்துக்கே தெரியாது.
எனக்குத் தெரியும்.

பீரோவின் அரக்கை நானே உடைத்தேன்.
கீழ்த்தட்டு முழுக்கக் கரையான்.
நூற்றுச் சொச்சம் கருத்துகள் மண்ணாகியிருந்தன.
இருநூற்று ஆறை அது தொடவில்லை.
ஒரு மாணவியிடம் ரப்பர் வாங்கி அழித்தேன்.
வெளிச்சத்தில் சாய்த்தால் எழுத்தின் பள்ளம் தெரிந்தது.
ஓரத்தையே கிழித்து
குளவிக்கூட்டின் கீழ் நின்று கொளுத்தினேன்.

“இந்தத் தாளுக்கு என்ன ஆச்சு?” என்றார் வழிகாட்டி.
“கரையான்” என்றேன்.
என் ஆய்வேட்டில் அது ஒன்றுதான் பொய்
என்று சொல்லமாட்டேன்.

முப்பத்தெட்டு நாள் சம்பளத்துக்கு மனு போட்டேன்.
குமாஸ்தா பிஷம்பர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
வகுப்பு நடந்ததா?
இல்லை.
அப்புறம்?

டர்பன்டைன் ஊற்றியும் மஞ்சள் போகவில்லை.
ஜூலையில் பெஞ்சுகளைக் கட்டங்கள் மேலேயே போட்டோம்.
நூற்று நாற்பத்து மூன்றில் ஒரு பையன் உட்காருகிறான்,
எந்தக் கேள்விக்கும் கை தூக்காதவன்.
இப்போதெல்லாம் அவனை
நான் பெயர் சொல்லிக் கேட்பதில்லை.